இரண்டு வழியாகப் போன படம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குச் சிதம்பரத்திலிருந்து டாக்டர் ஜான்சி போன் செய்து, கொளஞ்சியை உடனே வண்டியில் ஏற்றி அனுப்பச் சொன்னார். கொளஞ்சியை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே குறிஞ்சிப்பாடியில் எரித்துவிட்டிருந்தோம்.

போனை எடுத்தது நான்தான். கடலூரில் அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர், வயர், பிரிண்டர், டாக்டர்கள் வாரத்துக்கு ஒருமுறை மறந்துபோகும் பாஸ்வேர்டு எல்லாம் என் தலையில். ஸ்கேன் மெஷின் எங்களிடம் இருந்தது. தலைக்குள் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லுகிற டாக்டர் சிதம்பரத்தில் இருந்தார். படத்தை இங்கே எடுப்பார்கள், கம்பி வழியாக அங்கே போகும், அவர் பார்த்துவிட்டுச் சொல்வார். நடுவிலிருக்கிற நாற்பத்தைந்து கிலோமீட்டரும் என் பொறுப்பு.

"கொளஞ்சி, ஆண், முப்பத்தெட்டு. இப்பதான் என் ஸ்க்ரீன்ல வந்து விழுந்துச்சு. மண்டையோட்டுக்குக் கீழ ரத்தம் கட்டியிருக்கு. பெருசுதான், ஆனா திறந்து எடுத்துட்டா ஆளு பொழச்சுக்குவாரு. லேட் பண்ணாதீங்க எழிலன், நான் தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லிட்டேன்" என்றார்.

"மேடம், அவரு சனிக்கிழமையே போயிட்டாரு."

"சனிக்கிழமையா? படம் இன்னிக்குத்தான வந்திருக்கு. எங்க போயிட்டாரு?"

"செத்துட்டாரு மேடம். எங்க அக்கா வீட்டுக்காரரு அவரு."

சனிக்கிழமை சிதம்பரத்தில் வேறொரு டாக்டர் டியூட்டி. ஜான்சி மேடத்துக்கு எதுவும் தெரியாது. "தேதியைப் பாக்காம பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றேன். திறந்து எடுத்துட்டா பொழச்சுக்குவாரு என்ற அந்த ஒரு வாக்கியம் காதைவிட்டுப் போகவே இல்லை.

இது 2009 ஜூலையில் நடந்தது. நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. ஆனால் செத்தவன் மூன்றாம் நாள் திரும்பி வந்து, எனக்கு வண்டி எங்கே என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது?

சனிக்கிழமை நடந்தது இது. கொளஞ்சி மாமா வடலூரிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், ரோட்டோரம் கொட்டிக் கிடந்த மணலில் பைக் சறுக்கி விழுந்தார். மணி பன்னிரண்டரை. தானே எழுந்து, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காதுக்கு மேல் ஒரு வீக்கம், அவ்வளவுதான். என் அக்கா சௌந்தரம் டீ போட்டுக் கொடுத்து, பாயை விரித்து, "கொஞ்ச நேரம் படுங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டரை மணிக்கு அவர் எழுந்து வாந்தி எடுத்ததும்தான் பயந்துபோய்க் கார் பிடித்து, நான் இருக்கிற ஆஸ்பத்திரி என்று நம்பிக் கடலூருக்குக் கொண்டுவந்தாள்.

அப்போதும் மனுஷன் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஸ்கேன் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா மச்சான், உன் கம்பியில என் தலையை அனுப்பப் போறியாமே. பாத்து அனுப்பு, உள்ள ஒண்ணுமில்லன்னு சிதம்பரம் பூரா தெரிஞ்சிடப் போவுது" என்றார். எங்கள் வீட்டில் எவன் செத்தாலும் சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்கவைக்கிற ஆள் அவர். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் படம் கிளம்பியது. டியூட்டி டாக்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. "ஏதோ வெள்ளையா தெரியுது, சிதம்பரத்துல பாத்துச் சொல்லட்டும், அப்புறம் எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்ணலாம்" என்றார். நான் என் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்துக்கு இரண்டு லைன், தரைக்குள் போகும் கேபிள் ஒன்று, குறிஞ்சிப்பாடி டவர் வழியாகப் போகும் ரேடியோ ஒன்று; இரண்டிலும் பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. ஐந்நூறு சோதனைத் துண்டுகளை அனுப்பிப் பார்த்தேன். ஐந்நூறும் போய்ச் சேர்ந்து பதில் வந்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

அக்கா கதவருகே வந்து கேட்டாள். "எழிலு, படம் போயிடுச்சா?"

"போயிட்டிருக்குக்கா."

அந்த சாப்ட்வேருக்கு ஒரு குணம் உண்டு. அரை மணிக்குள் படம் முழுசாகப் போய்ச் சேராவிட்டால், போனதையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாலு முப்பத்தைந்துக்கு அப்படித்தான் செய்தது. அக்கா மறுபடி வந்தாள். "போயிடுச்சா?" போயிட்டிருக்குக்கா என்றேன். ஐந்து ஐந்துக்கு மறுபடியும் முதலிலிருந்து. அக்கா மூன்றாம் தரம் வந்தபோது கேட்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தாள். அப்போதும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். விளக்குதான் எரிகிறதே என்ற திமிர். ஒரு சிடியில் ஏற்றி பைக்கில் எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் சிதம்பரம் போய்ச் சேர்ந்திருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தே காலுக்கு மாமாவுக்கு நினைவு தப்பியது. இனிக் காத்திருக்க முடியாது என்று டியூட்டி டாக்டர் பாண்டிச்சேரிக்கு ஏற்றினார். ஆம்புலன்ஸ் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு மாறுது பாரு" என்றாள். அதோடு முடிந்தது.

ஆக, செவ்வாய்க்கிழமை அந்தப் போன் வந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். மூன்று நாள் போகாத படம் இன்றைக்கு மட்டும் எப்படிப் போயிற்று? பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமையிலிருந்து அந்தப் படம் அரை மணிக்கு ஒரு தரம் கிளம்பிக் கிளம்பி, பாதியில் செத்து, மறுபடி கிளம்பியிருக்கிறது. நாங்கள் பாடை கட்டிக்கொண்டிருந்த நேரத்திலும், சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து குளித்த நேரத்திலும், அது பாட்டுக்குச் சிதம்பரத்துக்குப் போக முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. செவ்வாய் காலை பத்து ஐந்துக்குக் கிளம்பி, பத்து பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறே நிமிடம்.

பத்து மணிக்கு என்ன நடந்தது என்று தேடினேன். குறிஞ்சிப்பாடி டவரில் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, எங்கள் ரேடியோ லைன் படுத்துவிட்டிருந்தது. ஒரு லைன் செத்திருக்கிறது, அதனால் படம் போயிருக்கிறது. என்ன கூத்து இது என்று தலையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் டவருக்குக் கரண்ட் வந்தது. இரண்டு லைனும் எழுந்து நின்றன. சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு பெரிய படம் வேண்டும். என்னிடம் அந்த அளவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். மாமாவின் தலையை மறுபடி அனுப்பினேன். போகவில்லை. ரேடியோவைப் பிடுங்கிவிட்டு அனுப்பினேன். ஆறு நிமிடத்தில் போனது. மறுபடி சொருகினேன், நின்றது. பிடுங்கினேன், ஓடியது. ஒவ்வொரு தரமும் ஓரத்தில் அந்தப் படம் சின்னதாகத் திறக்கும். மாமா கபடி ஆடி மூலையை உடைத்துக்கொண்ட முன்பல் அதில் தெரியும். ஒவ்வொரு தரமும் 'என்னா மச்சான்' என்ற குரல் என் பிடரியில் கேட்கும். பட்டியலில் கொளஞ்சி, ஆண், 38 என்று வரிசையாகப் பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அறையைப் பெருக்க வரும் மாரியம்மாள் இதையெல்லாம் இரண்டு நாளாகக் கவனித்திருக்கிறாள். புதன்கிழமை ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு பச்சை மிளகாயையும் கம்பியில் கோத்து ரவுட்டர் அலமாரியில் கட்டிவிட்டாள். "ரெண்டு காலும் நல்லாருந்தா நொண்டுது, ஒரு கால் ஒடிஞ்சா ஓடுது. இது மெஷின் கோளாறு இல்ல தம்பி, போனவருக்கு மனசு ஆறல" என்றாள்.

"உனக்கு வேற வேல இல்லியா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் பழத்தை அவிழ்க்கக் கை வரவில்லை.

அன்றைக்கே கடைசி வேலையாக, இரண்டு பக்கமும் போகிற வருகிற துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து படித்தேன். கம்பியில் ஒரு படத்தை முழுசாக அனுப்ப முடியாது. பல்லாயிரம் துண்டாக நறுக்கி, எண் போட்டு அனுப்புவார்கள். அந்தப் பக்கம் எண் வரிசைப்படி கோத்துக்கொள்ளும். எங்கள் ரவுட்டர் ஒன்றாம் துண்டைத் தரைக்குள் போகும் கேபிளில் விட்டது, இரண்டாம் துண்டை டவர் வழியாக விட்டது, மூன்றாவது கேபிள், நாலாவது டவர். கேபிளில் போனது சட்டென்று சேர்ந்துவிடும். டவரில் போனது குறிஞ்சிப்பாடியில் ஏறி இறங்கி, கண் இமைக்கிற நேரம் பிந்தி வரும். ஆக அங்கே வந்து சேர்ந்த வரிசை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, அப்புறம்தான் இரண்டு.

சிதம்பரம் கேட்கிறது: இரண்டு எங்கே? இரண்டு எங்கே? இரண்டு எங்கே? மூன்று தரம் கேட்டுவிட்டால் அனுப்புகிற பக்கம் இரண்டு தொலைந்துபோயிற்று என்று தீர்மானித்துவிடும். டிசிபி என்கிற அந்த ஏற்பாட்டின் சட்டமே அது. தொலைந்ததை மறுபடி அனுப்பும். அதோடு விடாது, வழியில் நெரிசல் போலிருக்கிறது என்று தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறுவதற்குள் அடுத்த மூன்று கேள்வி வந்துவிடும், மறுபடி பாதி. திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிற மாப்பிள்ளை வீட்டாருக்கு மூன்று தரம் போன் அடித்துவிட்டு, எடுக்கவில்லை என்று பந்தலைப் பிரிக்கிற மாதிரி. எதுவுமே தொலையவில்லை. எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது, வரிசை மாறி.

ரவுட்டரை அப்படி ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்துவிடச் சொன்னது யார்? நான்தான். விபத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம். அதுவரை கேபிள் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, டவர் லைன் அவசரத்துக்கு என்று சும்மா கிடந்தது. ஆறு நிமிடத்தில் படம் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டால் மூன்று நிமிடத்தில் போகுமே என்று எனக்கு ஒரு ஆசை. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. சின்னச் சின்ன எக்ஸ்ரேயாக நாலைந்து அனுப்பிப் பார்த்தேன், போயிற்று. ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் சரி என்று கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். தொலைந்ததா என்று பார்த்தேனே தவிர, வரிசையாக வந்ததா என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு போன முதல் பெரிய படம் என் அக்கா புருஷனுடையது.

ஒரு படம் கிளம்பினால் அதன் எல்லாத் துண்டும் ஒரே வழியில்தான் போக வேண்டும் என்று மாற்றி எழுதினேன். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு தண்ணீர்க் குழாயடியில் போய் நின்று அழுதேன்.

வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அதைவிடக் கெட்டிக்காரன், பதினாறாம் நாள் காரியம்வரை தாக்குப்பிடித்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, போனவர் வரவா போகிறார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ராத்திரி தூக்கமில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தூங்கினேன். பகலில்தான் உயிர் போனது. போன் மணி அடிக்கும்போதெல்லாம், ஆளு எங்க என்று கேட்கப்போகிறார்கள் என்று நாலைந்து தரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன்.

காரியத்தன்று குறிஞ்சிப்பாடி வீட்டில் ஐம்பது அறுபது பேர். மாமாவின் அம்மா இருசம்மாள் அத்தை, வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதை டீயில் ஆரம்பிக்கும். "அடிபட்டு வந்தவனுக்கு டீயைக் குடுத்து, பாயை விரிச்சுப் போட்டு, தூங்க வச்சே என் புள்ளைய அனுப்பிட்டா. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா இன்னிக்கு உக்காந்து சோறு தின்னுவான்."

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு நாளில் பாதியாக இளைத்துப்போயிருந்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். "அவரு பசியோட படுத்தாருடா. நான்தான் எழுப்பாம விட்டேன்" என்று தள்ளிவிட்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை ஜனங்களைப் பார்த்ததும் கை கழுவிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். என்னைப் போல ஒரு கோழை கிடைக்க மாட்டான்.

மறுநாள் மத்தியானம் அக்கா தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். என் அறை வாசலில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"எழிலு, படம் பாக்கற டாக்டரம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. நான் அவர தூங்க விடாம அப்பவே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாரா? ஆமான்னு சொன்னாலும் பரவால்ல. எனக்குத் தெரியணும். இப்படித் தெரியாம இருக்க முடியல என்னால."

"நீ கூட்டியாந்த நேரமே போதும்க்கா" என்றேன்.

"என்னாது?"

"நீ லேட்டா வரல. அந்த டாக்டரம்மா படத்தைப் பாத்துட்டு, திறந்து எடுத்தா பொழச்சுக்குவாருன்னாங்க. படம்தான் லேட்டு. படம் லேட்டானது என்னால."

உட்காரவைத்துச் சொன்னேன். இரண்டு லைன், துண்டுகள், மூன்று தரம் கேட்பது, பாதி வேகம், எல்லாம். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் குறுக்கே ஒரு தரம்கூடப் பேசாமல் கேட்டாள். முடித்ததும் கேட்டாள்.

"நான் மூணு தரம் வந்து கேட்டேனே. அப்ப உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. வெளக்கு எரிஞ்சிது, போவுதுன்னு நெனச்சேன்."

"இப்ப சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அவரு படம் இருக்கா இன்னும்?"

"இருக்கு."

"அனுப்பு, நான் பாக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பட்டனை அழுத்தினேன். அக்கா சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாரியம்மாளின் எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கி அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு அடித்துக்கொண்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் மணி அடித்தது. அவள் பக்கத்தில் இருந்ததால் அவளே எடுத்துவிட்டாள். சிதம்பரத்தில் யாரோ புதுப் பெண். குரல் எனக்கே கேட்டது. "கொளஞ்சின்னு ஒரு ஸ்கேன் வந்திருக்கு மேடம். பேஷன்ட்டை அனுப்பிட்டீங்களா?"

"அவரு இல்லீங்க. நான் அவரு சம்சாரம் பேசறேன்" என்றாள் அக்கா. "படம் முழுசா வந்துடுச்சுங்களா? நல்லா தெரியுதுங்களா?"

"வந்துடுச்சு மேடம், நல்லா தெரியுது."

ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள். கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்தாள். "ஆறு நிமிஷம்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கெளம்பு. வண்டிய எடு."

"எங்கக்கா?"

"குறிஞ்சிப்பாடிக்கு. எங்கிட்ட சொன்ன இதே மாதிரி எங்க மாமியாகிட்ட சொல்லு. அக்கம்பக்கத்து ஜனம் இருந்தாலும் சொல்லு. ஒண்ணையும் விடாத, மொதல்லருந்து வரிசையா சொல்லு."

வழி முழுக்க அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள், என் தோளைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குள் நுழையும்போது அந்த டவர் தெரிந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

இருசம்மாள் அத்தை வாசலில் நாலு பொம்பளைகளோடு உட்கார்ந்திருந்தாள். கதையை ஆரம்பித்துவிட்டிருந்தாள், டீ கொடுத்த இடத்துக்கு வந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அக்கா உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தே, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். "நீங்க சொல்றது நடுவுலருந்து. இது சனிக்கிழமை ஆரம்பிக்கல. வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி ரெண்டு இருக்கும், ஆஸ்பத்திரியில நான் ரெண்டு லைனை ஒண்ணா சேத்தேன்."